ஐந்து சென்ட்டும் கொசுறும்

சிகாகோவின் மேற்கு எல்லையை ஒட்டிய ரிவர் க்ரோவில் 'ஜீன் அண்ட் ஜூட்ஸ்' கடைக்குள் நுழைந்ததும் அம்மா உட்கார இடம் தேடினாள். நாற்காலி, மேசை, பெஞ்சு எதுவும் அந்தக் கடையில் கிடையாது. கண்ணாடி ஜன்னலை ஒட்டிச் சுவரோரமாக ஒரு பலகை ஓடும். அதில் தாளை விரித்துவைத்து நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான். வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"ஏண்டா, இம்புட்டுக் கூட்டம் வருது, நாலு பெஞ்சு வாங்கிப் போட மாட்டானா?"

"உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்கம்மா. வரிசை நகராது."

"அதுவும் சரிதான்" என்றாள். தங்கச்சிமடத்தில் முப்பது வருஷம் தலையில் மீன்கூடை சுமந்து விற்றவள். வியாபாரத்தின் நியாயத்தை அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு அடுக்கியிருந்தது. ஒருவர் கைப்பிடியை ஓங்கி இறக்க, கிழங்கு நீளத் துண்டுகளாக வெட்டுப்பட்டு விழுந்தது. அந்த 'டக், டக்' சத்தம் கடை மூடும்வரை ஓயாது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற பையன் ஆவியில் மெத்தென்றிருந்த பன்னைப் பிளந்து, வெந்நீரில் கிடந்த சாசேஜை எடுத்து உள்ளே வைத்தான். மேலே ஒரு கோடு கடுகு சாஸ். பொடியாக நறுக்கிய வெங்காயம். வெள்ளரிக்காய் ரெலிஷ். ஊறவைத்த சின்னப் பச்சைமிளகாய் இரண்டு. கடைசியில் எண்ணெய் சொட்டும் உருளைக்கிழங்கு வறுவலை அள்ளி அதன் தலையிலேயே போட்டான். தாளைச் சுருட்டப் போனவன், என்ன நினைத்தானோ, இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டு மடித்தான்.

"கொசுறா?" என்றாள் அம்மா.

பன்னிரண்டு வருஷமாக இந்த நகரத்தின் ஹாட் டாக் கடைகளைப் பற்றிப் படித்தும் கேட்டும் தின்றும் வந்தவன் நான். எனக்குக் கிடைக்காமல் இருந்த சொல்லை வரிசையில் நின்ற பத்து நிமிஷத்தில் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சிகாகோவுக்கு நான் வந்தது 1993இல், நகரத் திட்டமிடல் படிக்க. பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே கொஞ்சம் நடந்தால் மேக்ஸ்வெல் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே சந்தை கூடும். பழைய டயர், சாக்ஸ் கட்டு, கதவுக் கைப்பிடி, துருப்பிடித்த சுத்தியல், பழம், பறவைக்கூண்டு என்று எல்லாம் தரையிலும் வண்டியிலும் பரப்பிக் கிடக்கும். நடுவில் யாரோ மின்கம்பி இழுத்து ஒலிபெருக்கி வைத்து ப்ளூஸ் வாசிப்பார்கள். தெற்கிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினத்தவர்கள் ஒரு வாளியை முன்னால் வைத்துக்கொண்டு பாடிய தெரு அது. மட்டி வாட்டர்ஸும் லிட்டில் வால்டரும் 1940களில் அங்கே வாசித்திருக்கிறார்கள். அந்தத் தெருவில்தான் முதல் ஹாட் டாக்கைச் சாப்பிட்டேன். ஜனவரிக் குளிர். கையுறையைக் கழற்ற மனமில்லை. கழற்றினேன். சூட்டில் விரல்களுக்கு உயிர் வந்தது.

1871இல் சிகாகோ எரிந்தது. பிறகு நகரத்தைத் திரும்பக் கட்டியபோது ரயிலடிக்கு அருகே மலிவாகக் கிடைத்த இடங்களில் இந்தத் தெருவும் ஒன்று. 1880களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், அன்றைக்கு விற்கவும் வாங்கவும் கூடாது. அதனால் ஞாயிறு பெருஞ்சந்தை நாளாயிற்று. நகரமே தேவாலயத்துக்குப் போய்க் கடைகளை அடைத்த நாளில் இங்கே மட்டும் வியாபாரம் நடந்தது. 1912இல் நகராட்சி அதைச் சந்தையாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. யூதர்களை அடுத்து இத்தாலியர், கிரேக்கர், கறுப்பினத்தவர், மெக்சிகர் என்று ஒருவர் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இன்னொருவர் தள்ளுவண்டி வந்து நின்றது.

சாசேஜை ஜெர்மானியர்கள் முன்னமே கொண்டுவந்திருந்தார்கள், அதன் கூடவே கடுகையும். ஆனால் சிகாகோவின் சாசேஜுக்கு ஒரு பிறந்த வருஷம் சொல்ல முடியும்: 1893. கொலம்பஸ் வந்து நானூறு ஆண்டானதைக் கொண்டாட ஏரிக்கரையில் நடந்த உலகக் கண்காட்சி அது. மே தொடங்கி அக்டோபர் முடிய 2 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுகள் பதிவாயின. முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் 264 அடி உயரத்தில் சுற்றியது. எமில் ரைக்கல், சாமுவேல் லதானி என்ற இரண்டு பேர் அங்கே மாட்டிறைச்சி சாசேஜ் விற்றார்கள். ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த யூதர்கள். விற்பனை நன்றாக நடக்கவே, அடுத்த ஆண்டு ஹால்ஸ்டட் தெருவில் கடை வைத்தார்கள். மேக்ஸ்வெல் தெரு ஹால்ஸ்டட்டைத்தான் குறுக்கே வெட்டுகிறது. அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் 'வியன்னா பீஃப்'. இன்றைக்கும் சிகாகோவின் தெருக்கோடிக் கடைகளில் பெரும்பாலானவற்றின் நெற்றியில் தொங்கும் மஞ்சள் பலகை அவர்களுடையது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அதே 1893 கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மாநாட்டில்தான் செப்டம்பர் 11ஆம் தேதி விவேகானந்தர் பேசினார் என்றும் சொன்னேன். அவர் சிகாகோ வருவதற்கு ஆதரவளித்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் திரும்பி வந்து 1897 ஜனவரியில் கரையேறிய இடம் எங்கள் தீவின் குந்துகால். சின்ன வயதில் அந்தப் பக்கம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். "நம்ம குந்துகால் சாமியா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் அந்தச் சாசேஜைக் கொஞ்சம் உறவுக்காரியைப் போலத்தான் பார்த்தாள்.

யூதர்கள் செய்ததால் அதில் பன்றி இல்லை, முழுக்க மாடு. இறைச்சிக்குப் பஞ்சமில்லாத ஊர். 1865இல் திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் 1971 வரை இயங்கியது. நாடு முழுவதிலிருந்தும் ரயிலில் வந்த கால்நடை அங்கே இறங்கியது. அந்தத் தொழுவங்களுக்குப் பக்கத்து இறைச்சி ஆலைகளில் என்ன நடக்கிறது என்பதை அப்டன் சின்க்ளேர் தன் 'தி ஜங்கிள்' நாவலில் எழுதி, 1906இல் அது புத்தகமாக வந்தது. அந்த வருஷமே இறைச்சிச் சோதனைச் சட்டமும் வந்தது. அரைத்து உறையில் அடைத்த எதன்மேலும் மக்களுக்குச் சந்தேகம் விழுந்திருந்த காலம். ஹாட் டாக் என்ற பெயரே அந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான். சாசேஜுக்குள் நாய்க்கறி இருக்கிறது என்ற கேலி 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. 1895இல் யேல் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் இந்தப் பெயர் அச்சேறிவிட்டது. அம்மாவும் முதலில், "நாயா?" என்றுதான் கேட்டாள். நூறு வருஷத்துக்கு முந்திய வாடிக்கையாளர் கேட்ட அதே கேள்வி. சிகாகோவின் பழைய கடைகளில் 'ரெட் ஹாட்' என்ற பெயரை நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

நல்ல கடையின் சாசேஜ் ஆட்டுக்குடல் உறையில் இருக்கும். பல் பட்டதும் உறை 'டப்'பென்று வெடிக்க வேண்டும். அந்த வெடிப்பு இல்லாவிட்டால் சிகாகோக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். 1920களில் இதே ஊரில் எர்வின் ஃப்ராய்ண்ட் என்பவர் செல்லுலோஸ் உறை செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். வேகவைத்த பிறகு அதை உரித்து எறிந்துவிடலாம். தோலில்லாத சாசேஜ் உலகம் முழுக்கப் போனது. சொந்த ஊரின் தெருக்கடைகள் பல அதைத் தொடாமல் குடலோடே நின்றுகொண்டன. அந்தப் பிடிவாதத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

இப்போது கொசுறுக்கு வருகிறேன்.

1929இல் ஏப் ட்ரெக்ஸ்லர் என்ற இளைஞர் மேக்ஸ்வெல் தெருவும் ஹால்ஸ்டட்டும் சந்திக்கும் இடத்தில் 'ஃப்ளூக்கீஸ்' என்ற கடையைத் தொடங்கினார். அந்த அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. அடுத்த சில வருஷங்கள் சிகாகோவில் வேலை என்பதே கிடைக்காத பண்டம். 1930இல் அல் கபோன் தெற்கு ஸ்டேட் தெருவில் இலவச சூப் கூடம் திறந்தான் என்றால் பசியின் அளவைப் புரிந்துகொள்ளலாம். கொலைகாரக் கும்பல் தலைவன் சோற்றுக்கு வரிசை நிற்க வைத்த நகரம். சூப் வரிசையில் நிற்கக் கூசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் சட்டைப்பையில் ஐந்து சென்ட் நாணயம் ஒன்று இருக்கும். அந்த ஒரு நாணயத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும். வெறும் பன்னும் சாசேஜும் ஒரு வேளைக்குக் காணாது.

ட்ரெக்ஸ்லர் அதன்மேல் காய்கறியை ஏற்றினார். கடுகு, ரெலிஷ், வெங்காயம், ஊறுகாய், மிளகாய், மேலே லெட்டூஸ், பக்கத்தில் வறுவல், விலை ஐந்து சென்ட். அதற்குப் 'பஞ்சகால சாண்ட்விச்' என்று பெயர் விழுந்தது. முதலில் செய்தது நாங்கள்தான் என்பது அந்தக் குடும்பத்தின் உரிமைக் குரல். சந்தையில் பக்கத்து வண்டிக்காரர்களும் அதையே செய்தார்கள். செய்யாமல் இருக்க முடியாது. நீ ஒரு துண்டு தக்காளி வைத்தால் நான் ஒரு துண்டு ஊறுகாய் வைக்கிறேன். சாசேஜின் விலையை யாராலும் குறைக்க முடியாது, அது ஆலையிலிருந்து வருகிறது. பன்னும் அப்படித்தான். விற்பவன் கையில் மிச்சமிருப்பது கொசுறு ஒன்றுதான். அதற்கான வெங்காயமும் தக்காளியும் வெள்ளரியும் எதிர்வண்டியிலேயே மலிவாகக் கிடைத்தன. அது காய்கறிச் சந்தையும்தான்.

அம்மா மீன் விற்றபோது கூடையின் ஓரத்தில் கொஞ்சம் சாளை தனியாகக் கிடக்கும். எண்ணி விற்பதற்கு அல்ல. வாங்கின மீனை இலையில் சுற்றும்போது அந்தச் சாளையில் இரண்டை எடுத்து மேலே வைப்பாள். வைக்காத நாளில் வாடிக்கைக்காரி கையை நீட்டியபடியே நிற்பாள். கொசுறு இரண்டு தடவை கொடுத்தால் மூன்றாவது தடவை அது பாத்தியதை. சிகாகோவில் நடந்ததும் அதுதான். பஞ்சம் போனது, போர் வந்து முடிந்தது, ஐந்து சென்ட் போயே போய்விட்டது. மேலே ஏறிய கொசுறு மட்டும் இறங்கவில்லை. இன்றைக்குப் பெரும்பாலான கடைகளில் போய் "எல்லாம் போட்டு" என்று சொன்னாலும் மஞ்சள் கடுகு, பளீர்ப் பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், 'ஸ்போர்ட் பெப்பர்' மிளகாய், செலரி உப்பு ஏழும் வரும். தோட்டத்துக்குள் இழுத்துவிட்டு எடுத்தது என்று ஊர்க்காரர்கள் இதைச் சொல்வார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது செலரி உப்புதான். செலரி விதையை அரைத்து உப்போடு கலந்தது. சாசேஜ் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு மேலே குவித்த பிறகு கடைசியாக ஒரு சிட்டிகை தூவுவார்கள். பேஸ்பால் மைதானம் இருக்கும் லேக் வியூ பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் செலரி வயல்கள் இருந்தன. இன்றைக்கு அங்கே பிடி மண்ணைப் பார்க்க வேண்டுமானால் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். உப்பில் மட்டும் அந்த வாசனை. பன்மேல் ஒட்டியிருக்கும் கசகசா கிழக்கு ஐரோப்பிய யூதர் ரொட்டியின் அடையாளம். போலந்திலிருந்து வந்த சாம் ரோசன் தொடங்கிய ரொட்டி நிறுவனத்தின் கசகசா பன்தான் இன்றும் பெரும்பாலான கடைகளுக்குப் போகிறது. ரெலிஷின் அந்த மின்னும் பச்சை நீலச் சாயத்தால் வருவது, பிற்காலச் சேர்க்கை. அதில் எனக்குப் பிரியம் இல்லை.

கெட்சப் மட்டும் கூடாது. ஜீன் அண்ட் ஜூட்ஸில் கடைக்குள்ளேயே அது கிடையாது, வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளக்கூட. வெளியூர்க்காரர்கள் இதை வீம்பு என்பார்கள். நாக்கில் வைத்துப் பார்த்தால் நியாயம் தெரியும். ரெலிஷின் இனிப்பு, ஊறுகாயின் புளிப்பு, மிளகாயின் காரம், கடுகின் நெடி எல்லாம் அளவோடு நிற்கும்போது சர்க்கரைத் தக்காளிக் குழம்பை மேலே ஊற்றினால் மற்றதெல்லாம் மூழ்கிப்போகும்.

வியன்னா ஆலையைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. ஹால்ஸ்டட் பக்கத்துப் பழைய ஆலை ஒரே கட்டடமாக எழுந்ததல்ல. தேவைப்பட்டபோதெல்லாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் நகரத்தின் வடபகுதியில் புது ஆலை கட்டி மாறினார்கள். எல்லாம் புதிது, சுத்தம், திட்டப்படி. சாசேஜ் மட்டும் கெட்டுப்போனது. நிறம் வெளிறியது, கடித்தால் வெடிக்கவில்லை. மசாலா அதே, இறைச்சி அதே, புகையும் அதே. தண்ணீரைச் சோதித்தார்கள், வெப்பத்தைச் சோதித்தார்கள். ஒன்றரை வருஷம் விடை கிடைக்கவில்லை. ஒரு மாலை வேலையாட்கள் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது, புது ஆலைக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பழைய தொழிலாளியைப் பற்றிப் பேச்சு வந்தது. அடைத்த சாசேஜைப் புகையறைக்குத் தள்ளிக்கொண்டு போவது அவருடைய வேலை. பழைய ஆலையில் அது நேர்வழி இல்லை. கொதிகலன் அறை, வேறு இறைச்சி வேகும் இடம், லிஃப்ட் என்று சுற்றிச்சுற்றிப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியில் சாசேஜ் மெல்லச் சூடேறியது. ருசி அங்கே இருந்தது. புது ஆலையில் அந்தச் சூட்டுக்காகவே ஓர் அறை கட்டிய பிறகுதான் பழைய நிறமும் வெடிப்பும் திரும்பின.

திட்டமிடல் படித்தவனான எனக்கு இந்தக் கதை முள்ளாகக் குத்தும். நான் படித்த நாட்களில்தான் மேக்ஸ்வெல் தெருவுக்கு முடிவு நெருங்கியது. டான் ரையன் விரைவுச்சாலை சந்தையின் கிழக்குப் பகுதியை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. மீதி இடம் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்குத் தேவைப்பட்டது. அப்போது எனக்கு ஒரு பயிற்சி: பக்கத்துத் தெருக்களின் நிலப்பயனை வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா. ஞாயிறு காலை நிறைந்து மாலையில் காலியாகும் தெருவுக்கு என்ன வண்ணம்? என் பெட்டியில் அப்படி ஒரு பென்சில் இல்லை. வெள்ளையாக விட்டேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

1994 ஆகஸ்ட் கடைசியில் பழைய இடத்துச் சந்தை முடிந்தது. கிழக்கே கேனல் தெருவில் புது இடம் கொடுத்தார்கள், கோடு போட்டு எண் எழுதி. கடைசி ஞாயிறு போய் நின்றேன். கூட்டம் எப்போதும் போல இருந்தது. 1939இலிருந்து மேக்ஸ்வெல்–ஹால்ஸ்டட் மூலையில் நின்ற 'ஜிம்ஸ் ஒரிஜினல்' கடையில் வெங்காயம் தகட்டில் வதங்கிக்கொண்டிருந்தது. மாசிடோனியாவிலிருந்து வந்த ஜிம்மி ஸ்டெஃபனோவிச்சின் கடை. அங்கே தடித்த போலிஷ் சாசேஜ், வதக்கிய வெங்காயம், கடுகு, மிளகாய், அவ்வளவுதான். வறுவல் கேட்காமலேயே பையில் விழும், காசு கிடையாது. அந்தக் கடை பிறகு இடம் மாறி, இப்போது விரைவுச்சாலை ஓரமாக யூனியன் அவென்யூவில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் அந்த வெங்காய வாசனை காருக்குள் வந்ததுண்டு.

ஜீன் அண்ட் ஜூட்ஸ் அந்தத் தெருவிலிருந்து வந்ததல்ல. ஜீன் மொர்மினோ 1946இல் போல்க் தெருவும் வெஸ்டர்ன் அவென்யூவும் சேரும் இடத்தில் தொடங்கி, 1950இல் ரிவர் க்ரோவுக்கு வந்தார். ஆனால் தக்காளி, வெள்ளரித் துண்டு எதுவும் சேராமல், வறுவலைத் தலையில் ஏற்றிச் சுருட்டிக் கொடுக்கும் பஞ்சகால வடிவத்தை அங்கே காண முடிகிறது. போருக்குப் பின் வந்த கடைகள் பல வேறு வழியில் போயின. 1948இல் பெர்மன் தம்பதி தொடங்கிய 'சூப்பர்டாக்' கூரைமேல் இரண்டு ராட்சத ஹாட் டாக் பொம்மைகளை நிறுத்திக் காரில் வருபவர்களுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. அதுவும் அழகான கடைதான். ஊரிலிருந்து யாராவது வந்தால் நான் அழைத்துப்போவது ரிவர் க்ரோவுக்கு.

அம்மா தாளைப் பலகையில் விரித்தாள். வறுவல் ஆவியில் நனைந்து பன்னோடு ஒட்டியிருந்தது. முதல் கடியில் உறை வெடித்த சத்தம் எனக்கே கேட்டது. மிளகாயைத் தனியாக எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஊறுகாய் போட்டவளுக்குக் கை நல்லாருக்கு" என்றாள். பாதி சாப்பிட்டதும் கல்லாப் பக்கம் திரும்பி, அந்தப் பையன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்தவருக்கும் அவன் மடிக்கும் முன் ஒரு பிடி கூடுதலாகப் போட்டான். அதற்கடுத்தவருக்கும்.

"எல்லாருக்கும் போடுறான்டா" என்றாள்.

தாளில் ஒட்டியிருந்த கடைசி வறுவல்களை விரலால் வழித்து எடுத்துவிட்டு, தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். வெளியே வரிசை வண்டி நிறுத்துமிடம்வரை நீண்டிருந்தது.